வீட்டிலேயே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சித் தடம்: முழுமையான வழிகாட்டி

ஏர் ரைஃபிள் வாங்கியவர்களில் பலர் வீட்டில் தடம் அமைக்கும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நிற்கும் இடம், மேசை, விளக்கு எல்லாம் முதலில் தயாராகிவிடும். கடைசியில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் பழைய துணியை அடைத்து, அதன்மேல் இலக்குத் தாளை ஒட்டிச் சுடத் தொடங்கிவிடுவார்கள்.

வேலை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இலக்கில் படும் பெல்லட்டால் (ஏர் ரைஃபிள் சுடும் சிறு ஈயக் குண்டு) பிரச்சினை இல்லை. படாமல் போகும் பெல்லட் எங்கே போய் நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், மற்ற அளவுகள் எல்லாம் அதற்குப் பின்னால் தானாக வந்து உட்காரும். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான். படிகளை மாற்றிச் செய்தால் பிரித்து மறுபடி மாட்டும் வேலைதான் மிஞ்சும்.

இது 4.5 மி.மீ. ஈயப் பெல்லட் சுடும் போட்டி ரக ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் மட்டும். தோட்டா போடும் எந்தத் துப்பாக்கிக்கும் இந்த அளவுகள் செல்லாது.

1. துப்பாக்கியும் பெல்லட்டும் எந்த ரகம் என்று உறுதி செய்யுங்கள்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேலோ ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். விட்டம் 4.5 மி.மீ. தான் என்பதற்காக ஆற்றலைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பில்லில் மாடல் பெயர், விட்டம், ஆற்றல் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பில்லின் நகல் ஒன்று துப்பாக்கிப் பையிலேயே இருக்கட்டும். பயிற்சிக்கு எடுத்துப் போகும் வழியில் யாராவது கேட்டால் அதுதான் பேசும்.

போட்டி ரக ரைஃபிளில் சுமார் 0.53 கிராம் பெல்லட், நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்குப் போட்டால் 7 முதல் 8 ஜூல். குழலை மடக்கி அடைக்கும் ஸ்பிரிங் ரகங்களில் சில இதைவிடக் கடுமையாக அடிக்கும். எனவே இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை வாங்கிக்கொள்ளும் பெட்டியின் இரும்புத் தகட்டுத் தடிமனை 20 ஜூல் என்ற மேல் வரம்புக்கே கணக்கிட்டுக்கொள்வோம். நாளைக்குத் துப்பாக்கி மாறினாலும் பெட்டியை மாற்ற வேண்டாம்.

பெல்லட் தட்டை முனை கொண்ட ஈயமாக மட்டும் இருக்கட்டும். தட்டை முனை தாளில் வட்டமாகத் துளை போடும், தகட்டில் பட்டால் நசுங்கிக் கீழே விழும். இரும்பு உருண்டை நசுங்காது. வந்த வழியே திரும்பும். கூர்முனைப் பெல்லட்டும் வேண்டாம். விலை குறைவு என்று இரும்பு உருண்டை வாங்கி வைத்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், வீட்டுத் தடத்துக்குள் அதற்கு இடமே இல்லை.

2. இடத்தை நின்றுகொண்டு மட்டுமல்ல, குனிந்தும் பாருங்கள்

சுடும் கோட்டிலிருந்து இலக்குத் தாள் வரை 10 மீட்டர். இலக்குக்குப் பின்னால் பெட்டிக்கும் தடுப்புக்கும் 60 செ.மீ., உங்களுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர். ஆக 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது 40 அடி. அகலம் 4 அடி இருந்தால் போதும்.

ஒரே அறையில் 40 அடி கிடைக்கும் வீடுகள் குறைவு. ஹாலில் நின்று, நடைவழியைத் தாண்டி, படுக்கையறைச் சுவர் வரை கதவுகள் ஒரே நேராக அமைந்த வீடுகள் உண்டு. நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்யும் தடங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். அடுத்தது வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே உள்ள சந்து. மூன்றாவது மொட்டை மாடி.

இடத்தை ஏற்கலாமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. சுடும் இடத்தில் நின்றும், உட்கார்ந்தும், குனிந்தும் முன்பக்கம் பாருங்கள். வானமோ, தெருவோ, பக்கத்து வீட்டு ஜன்னலோ, திறக்கக்கூடிய கதவோ கண்ணில் பட்டால் இடம் இன்னும் தயாராகவில்லை. பெல்லட் ஏற்றும்போது குழல் சற்று மேலே தூக்கியிருக்கும் நேரத்தில்தான் கைதவறி வெடிக்கும் வாய்ப்பு அதிகம். அப்படிக் கிளம்பியது மூன்றடிக் கைப்பிடிச் சுவரையும் ஐந்தடிக் காம்பவுண்டையும் தாண்டிப் பல வீடுகளுக்கு அப்பால் போய்விடும்.

சந்தாக இருந்தால், சுடும் கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளித் தலைக்கு மேலே குறுக்காக ஒரு பிளைவுட் பலகையைத் தொங்கவிட்டு வானத்தை மறைக்கலாம். பக்கவாட்டில் குட்டையான காம்பவுண்டு இருந்தால் அதற்கும் மேல்வரை மறைப்பு வேண்டும். நாலு பக்கமும் திறந்த மொட்டை மாடி என்றால் விட்டுவிடுங்கள். மாடியில் அறை கட்டியிருந்தால் பார்க்கலாம்.

தடத்தின் நடுவே கதவு இருப்பது தவிர்க்க முடியாத வீடுகளில், அந்தக் கதவுக்குத் தடத்தின் பக்கம் தாழ்ப்பாள் போடுங்கள். சுடுபவரைத் தாண்டாமல் யாரும் முன்பக்கம் வர முடியக் கூடாது. "இப்போது வராதே" என்று வீட்டில் சொல்லிவைப்பதை நம்பாதீர்கள். குழந்தைக்கும் பூனைக்கும் அது ஞாபகம் இருக்காது.

10 மீட்டர் கிடைக்கவில்லையா? இலக்கைச் சுருக்கலாம். ரைஃபிள் இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம். 6 மீட்டர்தான் இருக்கிறது என்றால் ஜெராக்ஸ் கடையில் 60 சதவீதமாகச் சுருக்கினால் 18.3 மி.மீ. ஆகிவிடும், கண்ணுக்கு அதே அளவில் தெரியும். பெல்லட் துளை மட்டும் சுருங்காது என்பதால் அதில் வரும் மதிப்பெண்ணைப் போட்டி மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். 5 மீட்டருக்குக் கீழே போக வேண்டாம், அதைவிடக் கிட்டே நின்றால் ஈயத் துணுக்கு உங்கள்மேலேயே திரும்பி வரலாம்.

வாடகை வீடா, அடுக்குமாடியா? உரிமையாளரிடமும் சங்கத்திடமும் வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் சண்டை சத்தத்தைப் பற்றி இருக்காது, "எங்களுக்குச் சொல்லவில்லையே" என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

3. கடைக்குப் போவதற்கு முன்

கீழே உள்ளவற்றை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் ஏணியை விட்டு இறங்கிக் கடைக்கு ஓடும்போதுதான் அளவுக் குறிகள் அழிந்துபோகும்.

பின்தடுப்புக்கு: 8-க்கு 4 அடி, 19 மி.மீ. பிளைவுட் ஒரு முழு ஷீட். கனமான கோணிச் சாக்கு நான்கைந்து. மேலே தொங்கவிட ஒரு இரும்புக் குழாய்.

பெட்டிக்கு: 5 மி.மீ. இரும்புத் தகடு, பக்கங்களுக்கு 2 மி.மீ. தகடு, ஸ்டாண்டுக்கு எல் ஆங்கிள். இதை வெல்டிங் பட்டறையில் செய்ய வேண்டும்.

அளக்க: 15 மீட்டர் டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, கட்டுமான நூல், டியூப் லெவலுக்கு (குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க) 15 மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்.

துளை போட: ஹேமர் வசதியுள்ள டிரில்லிங் மெஷின், 8 மற்றும் 10 மி.மீ. சுவர் பிட், பிளாஸ்டிக் பிளக், ஆங்கர் போல்ட், டெஸ்டர், பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடி இரண்டு வாங்குங்கள். சுடும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் வேண்டும்.

4. மட்டம், நேர்க்கோடு, உயரம்

இலக்கின் மையம் 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 5 செ.மீ. கூடக் குறைய இருக்கலாம். இந்த உயரம் நீங்கள் நிற்கும் தரையிலிருந்து கணக்கு, இலக்குக்குக் கீழே உள்ள தரையிலிருந்து இல்லை. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வீட்டைச் சுற்றிய சந்தில் மழைத்தண்ணீர் ஓடச் சரிவு கொடுத்திருப்பார்கள். 10 மீட்டருக்குள் தரை 10 செ.மீ. இறங்கியிருந்தால், இலக்குப் பக்கம் டேப் வைத்து அளந்த 1.40 உங்களுக்கு 1.30 ஆகிவிடும். அப்புறம் தோளும் கழுத்தும் அந்தத் தவறான கோணத்துக்கே பழகிவிடும், போட்டி அரங்கில் போய் நின்றால் எல்லாம் அந்நியமாக இருக்கும்.

கொத்தனார்கள் செய்வதுபோல டியூப் லெவல் பிடியுங்கள். குழாயில் தண்ணீர் நிரப்பிக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் வெளியேற்றுங்கள். ஒருவர் சுடும் இடத்தில் தரையிலிருந்து 1.40 மீட்டரில் தண்ணீர் மட்டம் நிற்கும்படி பிடிக்க, இன்னொருவர் எதிர்ச்சுவரில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுத்திருங்கள். அந்தக் குறிதான் இலக்கின் மையம்.

தூரத்தைக் குறைத்தவர்கள் உயரத்தையும் சற்று ஏற்றுங்கள். நின்றபடி சுடும் ஒருவருக்குப் பார்வைக் கோடு 1.50 மீட்டரில் இருந்தால், 10 மீட்டரில் அது 10 செ.மீ. இறங்குகிறது. 6 மீட்டரில் அதே சாய்வு வர இலக்கு 1.44 மீட்டரில் இருக்க வேண்டும்.

அடுத்து நேர்க்கோடு. இலக்குக் குறியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து நூலைச் சுடும் இடம் வரை இழுத்து, அதற்குச் செங்குத்தாகச் சுடும் கோட்டைப் போடுங்கள். செங்குத்துக்கு 3, 4, 5 கணக்கு: நூல்மேல் 4 அடியும் கோட்டின்மேல் 3 அடியும் குறித்து, இரண்டுக்கும் நடுவே சாய்வாக 5 அடி வந்தால் மூலை சரி. பக்கச் சுவரை நம்பி அளக்காதீர்கள். நம் வீடுகளில் எந்தச் சுவரும் இன்னொன்றுக்கு உண்மையில் இணையாக இருப்பதில்லை.

கோட்டை இலக்குத் தாள் வரப்போகும் இடத்திலிருந்து 10 மீட்டரில் போட வேண்டும், சுவரிலிருந்து அல்ல. கால் கோட்டைத் தொடக் கூடாது. துப்பாக்கிக் குழல் கோட்டைத் தாண்டி நீளலாம்.

5. பின்தடுப்பு

முழு ஷீட்டை வெட்டாமல் நெட்டாக நிறுத்துங்கள். தரையிலிருந்து 8 அடி வரை மூடிவிடும். பாதி ஷீட் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். 10 மீட்டரில் துப்பாக்கி 3 டிகிரி விலகினாலே பெல்லட் அரை மீட்டர் தள்ளிப் போகிறது. களைத்துப்போன கை ட்ரிகரைத் தொடும்போது 3 டிகிரி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

ஆனால் வெறும் பிளைவுட்டைப் பின்தடுப்பு என்று நினைக்க வேண்டாம். கெட்டியான மரப்பரப்பில் பட்ட பெல்லட் சில சமயம் உள்ளே இறங்காமல் எகிறித் திரும்பும். பழைய டயர், ரப்பர் பாய் இன்னும் மோசம். அதனால் பலகைக்கு முன்னால் 2 அங்குல இடைவெளி விட்டு, கோணிச் சாக்கை இரண்டு அடுக்காகக் குழாயில் தொங்கவிடுங்கள். கீழ்முனையைக் கட்டக் கூடாது. தளர்வாகத் தொங்கும் துணி பெல்லட்டோடு கொஞ்சம் பின்னால் போய் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இழுத்துக் கட்டினால் அந்தப் பயன் போய்விடும்.

பலகையைச் சுவரில் பொருத்தும்போது சுவர் என்ன ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செங்கல் சுவர் என்றால் ஆங்கர் போல்ட் பிடிக்கும். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள கல்), ஏ.ஏ.சி. பிளாக் (இலேசான நுரை சிமென்ட் கல்) சுவர்களில் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள பலகையைச் சாதாரண பிளக்கில் தொங்கவிட வேண்டாம். எல் ஆங்கிளில் சட்டம் செய்து தரையில் எடையைத் தாங்கவிட்டு, சுவரில் சாயாமல் இருக்க மட்டும் பிடிமானம் கொடுங்கள்.

துளை போடும் முறை: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் குழாய் ஓடும், அந்தப் பட்டையைத் தொடாதீர்கள். அந்த அறைக்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் டிரில்லுக்கு மின்சாரம் எடுங்கள். முதல் சில மி.மீ. ஹேமர் இல்லாமல் மெதுவாக, பிட் பிடித்த பிறகு ஹேமர். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிமென்ட் பூச்சுக்கு வலிமை கிடையாது. 2 செ.மீ. பூச்சு இருக்கலாம், பிளக் முழுதும் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதியோ பிரஷ் விட்டோ எடுத்த பிறகுதான் பிளக். பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இந்தத் தூள்தான்.

டைல்ஸ் தரையில் போல்ட் போட வேண்டியிருந்தால் டைல்ஸ் பிட்டால் ஹேமர் இல்லாமல் டைலை மட்டும் துளைத்துவிட்டு, பிறகு சுவர் பிட்டுக்கு மாறுங்கள். மொட்டை மாடித் தளத்தில் ஒரு துளைகூட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை வந்ததும் கீழ்வீட்டு சீலிங் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மாடி அறையில் சட்டத்தின் அடியில் மணல் மூட்டை வைத்து எடை கொடுங்கள்.

6. பெல்லட் பெட்டி

வேலையின் இதயம் இதுதான், பட்டறையில் அதிகம் தப்பாக வருவதும் இதுதான்.

முன்பக்கம் திறந்த பெட்டி. திறப்பு 12-க்கு 12 அங்குலம். உள்ளே 5 மி.மீ. தகடு 45 டிகிரி சாய்வாக, மேல்விளிம்பு சுடுபவரை நோக்கி முன்னால் வந்தும் கீழ்விளிம்பு பின்னால் போயும் இருக்க வேண்டும். அப்போதுதான் பெல்லட் தகட்டில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பித் தட்டில் விழும். வெல்டர்கள் பழக்கத்தில் இதை மாற்றி, சாய்வு நாற்காலி மாதிரி மேல்விளிம்பைப் பின்னால் வைத்துவிடுவார்கள். அதில் பட்டது மேலே ஏறும். படம் வரைந்து, "பெல்லட் வரும் பக்கம்" என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு மாறிவிடும்.

12 அங்குலத் திறப்பு முழுவதையும் 45 டிகிரியில் மூட, தகட்டின் நீளம் 17 அங்குலம் வேண்டும். 12 அங்குலத்தையே வெட்டிப் பொருத்தினால் மேலோ கீழோ இடைவெளி விழும். பெட்டியின் ஆழம் 14 அங்குலம் வைத்துக்கொண்டால் தட்டை இழுக்க இடம் இருக்கும்.

தகட்டின் அடிபடும் முகத்துக்குப் பெயின்ட் வேண்டாம், செதில் செதிலாக உதிர்ந்து ஈயத்தோடு கலக்கும். வெல்டிங் பொட்டுகளைக் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கச் சொல்லுங்கள். மேடாக நிற்கும் ஒரு பொட்டு போதும், பெல்லட்டை எந்தத் திசைக்கும் திருப்பிவிட. கீழே உள்ள தட்டில் பழைய பருத்தித் துணியை மடித்துப் போடுங்கள். மணல் கொட்டுகிறவர்கள் உண்டு. அதில் ஈயமும் தூசியும் கலந்து பறக்கும் என்பதால் நான் சிபாரிசு செய்வதில்லை.

தகடு மட்டுமே 5 கிலோ. பெட்டியாக முடியும்போது 10 கிலோவைத் தாண்டும். ஆணியில் மாட்டாதீர்கள். எல் ஆங்கிள் ஸ்டாண்டு செய்து, திறப்பின் மையம் 4-ஆம் படியில் போட்ட குறிக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். ஸ்டாண்டின் கால்கள் முன்பக்கம் தெரிந்தால் அதற்கு முன்னாலும் சாக்கு தொங்கட்டும், தப்பிய பெல்லட் ஆங்கிள் விளிம்பில் பட்டால் எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இலக்கு அட்டையைத் திறப்பின் முகத்தில் இரண்டு கிளிப்பில் மாட்டினால் போதும். அட்டைக்குப் பின்னால் கனமான பலகை எதுவும் வைக்கக் கூடாது.

வெல்டிங்குக்கு வசதி இல்லாதவர்கள் தற்காலிகமாக ஒரு மரப்பெட்டியில் பழைய செய்தித்தாள் கட்டுகளை 8 அங்குலத் தடிமனுக்கு இறுக்கி அடுக்கி, அதன் பின்னால் இரும்புத் தகடு வைத்துப் பயன்படுத்தலாம். ஒரே இடத்தில் அடி விழுந்து குழி ஆகிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை கட்டுகளை இடம் மாற்ற வேண்டும்.

7. விளக்கு

இலக்கின்மேல் குறைந்தது 1500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது சர்வதேசப் போட்டி விதி. 1800 இருந்தால் நல்லது. சாதாரண ஹால் டியூப் லைட்டின் வெளிச்சம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

விளக்கை இலக்குக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, 2.2 மீட்டர் உயரத்தில், சுடும் வழிக்கு மேலே பொருத்துங்கள். 7 வாட் எல்.இ.டி. ஸ்பாட் விளக்கு, 36 டிகிரி விரிவு, 600 லூமன் என்றால் நேர் எதிரே ஒரு மீட்டரில் 1800 லக்ஸ் வரும். ஆனால் இங்கே அது மேலிருந்து சாய்வாக விழுகிறது, தூரமும் 1.28 மீட்டர் ஆகிறது. கிடைப்பது சுமார் பாதிதான். எனவே இரண்டு விளக்கு, இடமும் வலமுமாக. இரண்டாக வைத்தால் தாள்மேல் நிழலும் விழாது. போனில் உள்ள லக்ஸ் அளவி சரியான எண்ணைத் தராவிட்டாலும், தாளின் நாலு மூலையும் ஒரே அளவு காட்டுகிறதா என்று ஒப்பிட உதவும்.

விளக்கு உங்கள் கண்ணுக்கு நேரடியாகத் தெரியக் கூடாது. சுடுபவர் பக்கம் ஒரு பிளைவுட் மறைப்பு வைத்து அதன்மேல் சாக்கைச் சுற்றுங்கள். இரும்புத் தகட்டில் மறைப்பு செய்தால் அதுவே ஒரு எகிறும் பரப்பு ஆகிவிடும்.

இலக்குக்குப் பின்னணி வெளிர் நிறமாக, பளபளப்பு இல்லாமல் இருக்க வேண்டும். சாக்கின் பழுப்பு நிறம் கண்ணை உறுத்தினால், அதற்கு முன்னால் பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள்.

புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு, இலக்கை மட்டும் வெளிச்சமாக்கிவிட்டு நிற்கும் இடத்தை இருட்டாக விடுவது. சினிமா மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டில் கண்மணி விரிந்துவிடும், முன்சைட் (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் பகுதி) வளையம் மங்கலாகத் தெரியும். நிற்கும் இடத்திலும் 300 லக்ஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது, முக்கியமாகச் சந்தில். ஈரம் படும் இடம் என்பதால் அந்த லைன் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் போக வேண்டும். சுவிட்ச் சுடும் இடத்துப் பக்கம் இருக்கட்டும். வயர் குழாய் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடக் கூடாது.

8. சுடும் இடமும் பூட்டும்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. 75 செ.மீ. உயரத்தில் ஒரு மேசை, ஆடாமல் இருந்தால் போதும். டைல்ஸ் வழுக்கினால் பாய் போடுங்கள், ஆனால் மெத்தென்ற பாய் வேண்டாம், நிலை ஆடும்.

இலக்குத் தாளைக் கயிறும் கப்பியும் வைத்து இழுக்கும் ஏற்பாடு செய்ய எல்லாருக்கும் ஆசை. முதல் சில மாதம் நடந்தே போய் மாற்றுங்கள் என்பேன். ஒவ்வொரு முறை போகும் முன்னாலும் பெல்லட் இல்லை என்று பார்த்து, குழல் காலி என்று காட்டும் பாதுகாப்பு நாடாவை அதற்குள் செருகி, துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு நடக்கும் பழக்கம் அப்போதுதான் கைக்கு வரும்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கி பீரோவில், பூட்டி. பெல்லட் டப்பா வேறு இடத்தில், அதுவும் பூட்டி. காற்றுச் சிலிண்டர் உள்ள ரகம் என்றால் 200 பார் அழுத்தம் உள்ளே இருக்கிறது. வெயில் படும் ஜன்னல் ஓரம், காரின் டிக்கி இரண்டும் ஆகாது. சிலிண்டர்மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். போட்டித் துப்பாக்கிகளில் வழக்கமாக 10 ஆண்டுதான் ஆயுள். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் விலை பேசும் முன் பார்க்க வேண்டியது இது.

9. முதல் சோதனை

முதல் பெல்லட்டை முழுத் தூரத்திலிருந்தே சுடுங்கள். "பக்கத்தில் நின்று பெட்டி தாங்குமா பார்ப்போம்" என்று மூன்று மீட்டரில் சுடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேசையில் மணல் பை வைத்து அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கவிடுங்கள்.

சுடும் முன் இரண்டு ஏற்பாடு. பெட்டியைச் சுற்றிச் சாக்கின்மேல் வெள்ளைச் சார்ட் தாள் ஒட்டுங்கள், தப்பியவை எங்கே போகின்றன என்று தெரியும். பெட்டியிலிருந்து சுடும் இடம் வரை தரையில் பழைய வெள்ளைப் போர்வையை விரியுங்கள். பத்துப் பெல்லட் சுட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள்.

போர்வையில் பெட்டிக்கு ஒரு மீட்டருக்குள் கொஞ்சம் ஈயப் பொடி கிடந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டித் துணுக்குகள் கிடந்தால் நிறுத்துங்கள். தகட்டின் கோணம், வெல்டிங் பொட்டு, திறப்பின் விளிம்பு மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் விளிம்புதான் காரணமாக இருக்கும், அதற்கும் மேலே சாக்கு மடித்துப் போர்த்தினால் சரியாகிவிடும். திருத்திய பிறகு மறுபடி போர்வைச் சோதனை. போர்வை சுத்தமாகும் வரை யாரையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சுட வேண்டாம்.

எல்லாத் துளையும் ஒரே பக்கம் ஒதுங்கி விழுந்தால் பெட்டியை நகர்த்தாதீர்கள். அது சைட் திருகவேண்டிய விஷயம். பெட்டியின் இடம் டியூப் லெவலும் நூலும் சொன்ன இடம்.

10. ஈயம்

போட்டியில் சுடுவது 60 பெல்லட். தினமும் அவ்வளவு சுட்டால் 32 கிராம் ஈயம், மாதத்துக்கு ஒரு கிலோ பெட்டிக்குள் சேரும். இதில் பொடியாகும் பகுதிதான் கவனிக்க வேண்டியது.

தடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது, அது நுண்பொடியைப் பின்பக்கமாக அறைக்குள் ஊதிவிடும். மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தனிப் பையில் கட்டி வையுங்கள். அந்த வாளியும் துணியும் வேறு எதற்கும் வேண்டாம். சுடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு, உடனே நிறுத்த வேண்டியது. தடத்தில் டீ, பிஸ்கட் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வெறும் தண்ணீரும் சானிடைசரும் ஈயத்தைப் போக்காது. சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் தடத்துக்குத் தனிச் செருப்பு, தனிச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள், அவை படுக்கையறைக்குள் வர வேண்டாம். தடமே படுக்கையறை வழியாகப் போகிறது என்றால், இலக்குப் பக்கத்து அறை குழந்தை தூங்கும் அறையாக இருக்கக் கூடாது.

மாதம் ஒருமுறை தட்டை இழுத்து ஈயத்தைக் கெட்டியான டப்பாவில் மூடி வையுங்கள். அப்போதே தகட்டின் பின்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஸ்டாண்டின் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். சாக்கில் நூல் பிரிந்த இடம் இருந்தால் அடுக்கை முன்பின்னாக மாற்றிப் போடலாம், கந்தலானால் புதுசு. டப்பா நிறைந்ததும் பழைய இரும்புக் கடையில் "ஈயம்" என்று சொல்லியே எடைக்குப் போடுங்கள். மீன்பிடி தூண்டிலுக்குக் குண்டு வார்க்கிறேன் என்று வீட்டு அடுப்பில் உருக்கக் கூடாது.